ஒரு நிமிடம் முழுசாக எண்ணு: தாதிமை மாணவர்களுக்குப் பாடம் நடத்திய என் முதல் வருடம்

சிங்கப்பூரில் 12 வருடம் பொது மருத்துவ வார்டில் தாதியாக இருந்துவிட்டு, பட்டப்படிப்பு படிக்கும் தாதிமை மாணவர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு மாறினேன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். வேலை கிடைத்த அன்று வீட்டில் பாயசம். "இனிமே நைட் ஷிப்ட் கிடையாது, சனி ஞாயிறு உன்னோடது" என்று வார்டில் எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். அம்மா, வீரமாகாளியம்மன் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு புரொபசராயிட்டா" என்று சொல்லிவிட்டு வந்தார். "அதற்கு நாலு படி கீழேதாம்மா நான்" என்றேன், காதில் வாங்கவில்லை. ஊசி போடத் தெரிந்தவளுக்கு ஊசி போடச் சொல்லித்தரவும் தெரியும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன், என்னை வேலைக்கு எடுத்தவர்களும் நினைத்தார்கள். முதல் வாரம் கையில் ஒரு கால அட்டவணையும் பழைய ஸ்லைடுகள் அடங்கிய ஒரு பென்டிரைவும் தந்தார்கள். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை யாரும் சொல்வதில்லை. இரவு வேலை, வார இறுதி வேலைக்கான படிகள் நின்றதில் மாதம் 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போல் குறைந்தது. ஸ்லைடு அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு டிசைன் செயலிக்கு வருடச் சந்தா 180 வெள்ளி. மாணவர்கள் லேப் மூடிய பிறகும் பழகட்டும் என்று இணையத்தில் ஒரு ரப்பர் கை வாங்கினேன், ஊசி குத்திப் பழக, 340 வெள்ளி. நேரக் கணக்கு இதைவிட மோசம். 2 மணி நேர வகுப்புக்கு 14 மணி நேரம் தயாரிப்பு. 11 வார இறுதிகள் சாப்பாட்டு மேசையில் கழிந்தன. "நைட் ஷிப்டே தேவலாம், அப்பவாவது பகல்ல தூங்குவ" என்றார் கணவர்.

அப்படித் தயாரித்ததுதான் உடலின் அடிப்படை அளவுகள் பற்றிய பாடம். 78 ஸ்லைடு. வகுப்பில் 64 பேர்: பிளஸ் டூ போன்ற தொடக்கக்கல்லூரியிலிருந்து நேராக வந்த பிள்ளைகள், ராணுவம் போன்ற கட்டாயத் தேசிய சேவை முடித்த பையன்கள், வேறு வேலையை விட்டுவிட்டு வந்த முப்பது வயதுக்காரர்கள் சிலர். வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். 46ஆம் ஸ்லைடில் மூச்சு: பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20, ஒரு நிமிடம் முழுசாக எண்ணவும். அதைச் சொல்ல 40 வினாடி ஆகியிருக்கும். ரத்த அழுத்தத்துக்கு நிறைய இருக்கிறதே என்று அடுத்ததற்குப் போய்விட்டேன்.

ஏழாம் வாரம் வார்டில் என் பொறுப்பில் 6 மாணவர்கள். 14ஆம் கட்டிலில் நிமோனியாவோடு ஒரு தமிழ்த் தாத்தா. எது கேட்டாலும் "ஒண்ணுமில்ல பாப்பா, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அவரைப் பார்த்தது தேசிய சேவை முடித்த ஒரு பையன். வெப்பநிலை 37.8, நாடி 104, ஆக்ஸிஜன் 94, மூச்சு 18 என்று பதிவு செய்தான். நானும் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுத்தேன். 40 நிமிடம் கழித்து அந்தப் பக்கமாக மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பிலிப்பினோ தாதி சட்டென்று நின்றார். தாத்தாவின் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். 30. அப்புறம் டாக்டர்கள், ஆக்ஸிஜன், தீவிரக் கவனிப்புப் பிரிவு. 5 நாளில் தாத்தா திரும்பி வந்துவிட்டார் என்பதால்தான் இதை இன்று எழுத முடிகிறது.

அன்று மாலை மற்ற மாணவர்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். 11 நோயாளிகள், 11 பேருக்கும் மூச்சு 18 அல்லது 20. காய்ச்சல்காரருக்கும் 18, காலில் கட்டோடு படுத்திருந்தவருக்கும் 18. நாடி 104 ஓடுகிற நிமோனியாக்காரருக்கு மூச்சு 18 என்றால் அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 12 வருட அனுபவம் எங்கே போனதோ. அந்தப் பையனை வராந்தாவில் நாலு பேர் பார்க்கக் கத்திவிட்டேன். அவன் சுலூஸ் ரூமுக்குள் போய், வெறும் பெட்பேன்களைக் கால் மணி நேரம் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து அவனே வந்து சொன்னான்: "மிஸ், எண்ணணும்னு தெரியும். ஆனா முதல் நாள் லேட்டானப்ப நீங்க பேஷண்ட் முன்னாடியே 'இன்னும் முடியலையா'ன்னு கேட்டீங்க. அதனால எல்லாருமே 18 போட்டுட்டோம்."

அந்த 18ஐ எழுதவைத்தவளே நான்தான் என்று புரிய எனக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது. திட்டு வாங்கித்தான் நாமெல்லாம் வேலை கற்றோம் என்று பெருமையாகப் பேசுகிறோம். திட்டுக்குப் பயந்து நாம் எதையெல்லாம் மறைத்தோம் என்பதை மட்டும் பேசுவதில்லை. அதனால் இப்போது நோயாளி முன்னால் நான் வாய் திறப்பது, அந்த நொடியில் நிறுத்தாவிட்டால் நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டுமே. மற்றதெல்லாம் கட்டிலைச் சுற்றிய திரையை விட்டு வெளியே வந்த பிறகு. புதிய குழு வந்தால் முதல் நாளே 14ஆம் கட்டில் கதையை, நான் ஒப்புதல் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "எண்ணலைன்னா எண்ணலைன்னு சொல்லு, கட்டத்தைக் காலியா விடு, நான் கூட வந்து எண்ணுறேன்" என்பது என் வார்டு விதி. இதைச் சொன்ன பிறகு காலிக் கட்டங்கள் அதிகமாயின. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

அந்தப் பாடத்தை இப்போது எப்படி நடத்துகிறேன் என்று சொல்கிறேன். முதல் அரை மணி நேரம் ஸ்லைடே கிடையாது. இரண்டு இரண்டு பேராக உட்காரச் சொல்வேன். ஒருவர் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டே மூச்சை எண்ண வேண்டும், ஏனென்றால் எண்ணுகிறார்கள் என்று தெரிந்தாலே மனுஷருக்கு மூச்சு மாறிவிடும். அடுத்து, கூட்டாளி 4 மாடி ஏறி இறங்கிவிட்டு வருவார். அடுத்து, அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு: 'வாய் ஓயாமல் பேசு', அல்லது 'மேலோட்டமாக, வேகமாக மூச்சு விடு'. பேசுகிறவரின் மூச்சை எண்ண முடியாமல் அவர்கள் திணறும்போதுதான் வார்டு வகுப்புக்குள் வருகிறது. அதற்குப் பிறகே எண்களைப் பேசுவேன். பிரிட்டனில் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் கொண்டுவந்த எச்சரிக்கைப் புள்ளி முறையில் (உடல் அளவு எவ்வளவு மோசமோ அவ்வளவு புள்ளி), மூச்சு 25 அல்லது அதற்கு மேல் போனால் அந்த ஒன்றுக்கே 3 புள்ளி, ஓர் அளவுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் அது. நோயாளி மோசமாவதை பல நேரம் ரத்த அழுத்தத்துக்கு முன்பே மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். தாத்தாவுக்கு அன்றைக்கு எத்தனை புள்ளி வந்திருக்கும் என்று அவர்களே கணக்குப் போடுவார்கள். எல்லாம் அதே 2 மணி நேரத்துக்குள் முடிகிறது. ஸ்லைடு 9தான்.

கைவேலைப் பயிற்சியிலும் இதே கோளாறுதான் செய்தேன். நான் ஒரு தடவை செய்து காட்டுவேன், பின்னால் நிற்பவர்கள் முன்னால் நிற்பவரின் தலையைப் பார்ப்பார்கள், பிறகு ஐந்து பேருக்கு ஒரு பொம்மை. ஒருத்தி செய்வாள், நாலு பேர் தலையாட்டுவார்கள். பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவரின் பெயரில் நாலு படி முறை ஒன்று இருப்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முதலில் ஆசிரியர் பேசாமல், வார்டில் செய்யும் வேகத்திலேயே செய்து காட்டுவது. இரண்டாவது, விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்வது. மூன்றாவது, மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. நாலாவது, மாணவர் சொல்லிக்கொண்டே தானே செய்வது. நேரமில்லை என்று பலரும் மூன்றாவதைத் தாண்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மற்ற மூன்றில் எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்கக் கூடாது. ஒரு தடவை அந்த மூன்றாவது படியில், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் என்ஜி டியூபில் பால் கொடுக்கும் பயிற்சி. நன்றாகப் படிக்கும் ஒரு மாணவி எனக்கு ஆணை போட்டுக்கொண்டிருந்தாள். "தலையை 30 டிகிரிக்கு மேல உயர்த்துங்க. சிரிஞ்ச மாட்டுங்க. இப்ப பால் விடுங்க." நான் பால் டம்ளரைக் கையில் எடுத்துவிட்டு அப்படியே நின்றேன். அவளுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவன்தான் மெதுவாக "பிஎச் பேப்பர்" என்றான். வயிற்றுத் திரவத்தை உறிஞ்சி, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்காமல் பால் விட்டால், குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தால் என்ன ஆகும் என்று எழுத்துத் தேர்வில் அரைப் பக்கம் எழுதியவள் அவள். மூன்று வாரமாகத் தோழியைப் பார்த்துப் பார்த்தே செய்துவந்ததில் அந்த ஓட்டை வெளியே தெரியவில்லை.

ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவக் கல்வியாளர் 1990இல் இதைத்தான் நாலு அடுக்காகச் சொன்னார்: தெரிந்திருப்பது, எப்படி என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, நிஜத்தில் செய்வது. நான் அடி அடுக்கைச் சோதித்துவிட்டு மேல் அடுக்குக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தேன்.

சிமுலேஷன் என்னும் பாவனைப் பயிற்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நேரத்தையும் மானத்தையும் அதிகம் தொலைத்தது அங்கேதான். பேசும், மூச்சு விடும், நாடி துடிக்கும் பொம்மை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நான்தான் நோயாளியின் குரல். 82 வயது, நீரிழிவு, சர்க்கரை இறங்கிப்போய் உளறுகிறார் என்பது காட்சி. அதை அமைக்க எனக்கு 3 மணி நேரம், அவர்கள் நடித்தது 12 நிமிடம், முடிந்ததும் நான் பேசியது 5 நிமிடம். 9 தப்புகளைப் பட்டியல் போட்டேன். "ஷுகர் ஏன் பார்க்கலை?" என்றேன். "மறந்துட்டேன் மிஸ்" என்றாள் அந்தப் பெண். அடுத்த வாரம் வேறு காட்சி, அதே பெண், அதே தப்பு.

பிறகு ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் போனேன். 450 வெள்ளி, சொந்தக் காசு, ஆனால் இந்தக் கதையில் வீணாகாத ஒரே செலவு. அங்கே கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம், நடிப்பு வெறும் சாக்கு, படிப்பு நடப்பது அதற்குப் பிந்தைய பேச்சில் என்பது. 12 நிமிடம் நடித்தால் 25, 30 நிமிடம் பேச வேண்டும். பேச்சை ஆரம்பிக்கும் விதமும் உண்டு. பார்த்ததைச் சொல், உன் கவலையைச் சொல், பிறகு அவர்கள் மனசில் என்ன ஓடியது என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேள். அதே பெண்ணிடம் இப்படிக் கேட்டேன்: "அவர் உளற ஆரம்பிச்சதும் நீ போர்வையைச் சரி பண்ணினதைப் பார்த்தேன். சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போயிருக்குமோன்னு எனக்குப் பதற்றமா இருந்துச்சு. அந்த நேரம் நீ என்ன நினைச்ச?" அவள் சொன்னாள்: "82 வயசுன்னு சொன்னீங்க. எங்க பாட்டியும் இப்படித்தான் பேசுவாங்க. டிமென்ஷியான்னு நினைச்சேன்." அவள் எதையும் மறக்கவில்லை. வயசானவர் உளறினால் அது இயல்பு என்று நினைத்திருக்கிறாள். நான் நூறு தடவை "ஷுகர், ஷுகர்" என்று கத்தியிருந்தாலும் அந்த நினைப்பு அப்படியே இருந்திருக்கும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று உளறினால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு முழுக் குழுவும் அரை மணி நேரம் பேசியது.

வார்டில் அரை மணி நேரமெல்லாம் யார் தருவார்கள்? அங்கே வேறு வழி. 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதிய ஐந்து படி முறை இருக்கிறது, இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இவருக்கு என்ன பிரச்சினை என்று நீ நினைக்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்? பிறகு பொதுவான ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடு, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல், தப்பைத் திருத்து. இதில் கஷ்டம் முதல் கேள்விதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். அமைதி தாங்காமல் நானே பதில் சொல்லிவிடுவேன். இப்போது மனசுக்குள் பத்து எண்ணுகிறேன். "வெரி குட்" என்று மொத்தமாகச் சொல்வதையும் விட்டுவிட்டேன், எது குட் என்று அவர்களுக்குத் தெரியாது.

தோற்றதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிலேயே வீடியோ பார்த்துவிட்டு வாருங்கள், வகுப்பில் பேசுவோம் என்று 40 நிமிட வீடியோக்கள் செய்தேன். 64 பேரில் முழுசாகப் பார்த்தது 9 பேர். இப்போது 6 நிமிடம், முடிவில் 2 கேள்வி, அந்தக் கேள்வியிலிருந்துதான் வகுப்பே தொடங்கும். ஓரளவு பார்க்கிறார்கள். போனில் போட்டி போட்டுப் பதில் அழுத்தும் விளையாட்டும் வைத்தேன். ஒரே சிரிப்பு, கூச்சல். ஆனால் வேகமாக அழுத்துபவர்களே ஜெயித்தார்கள், யோசிப்பவர்கள் மூன்றாவது கேள்வியோடு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். இப்போது வகுப்பு தொடங்கியதும் போன வாரத்திலிருந்தும் போன மாதத்திலிருந்தும் மூன்று கேள்வி, வெறும் தாளில், மார்க் இல்லாமல். அதில் ஒன்று கட்டாயம் மருந்துக் கணக்கு. 500 மில்லி சலைன், 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? (42.) திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதினால்தான் நிற்கும் என்பதற்கு ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் செய்த ஆய்வு இருக்கிறது. படித்து 5 நிமிடத்தில் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால் நின்றார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி படிப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் பயனில்லை, அது வேறு கதை.

எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொல்லாதது மொழி. வகுப்பு ஆங்கிலத்தில், நோயாளி ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழியில், மலாயில், தமிழில். நம் பிள்ளைகளுக்கே பள்ளித் தமிழ்தான் வரும். "நெஞ்சு வலிக்கிறதா?" என்று கேட்பார்கள், பாட்டி "வலியெல்லாம் இல்ல மிஸ்ஸி" என்பார், 'வலி இல்லை' என்று பதிவாகிவிடும். "நெஞ்சு கரிக்குது", "அடைக்கிற மாதிரி இருக்கு", "படபடன்னு வருது" என்பதெல்லாம் அவருக்கு வலிக் கணக்கில் வராது. அம்மாவை உட்காரவைத்துப் போனில் பதிவு செய்தேன். வாய்வுத் தொல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாரடைப்புப் பாட்டியாக நடிக்கச் சொன்னேன். நடிப்பென்றா நினைக்கிறீர்கள், பக்கத்து புளோக் அக்காவின் கதையையெல்லாம் சேர்த்து 7 நிமிடம் பேசினார். அதைப் போட்டுக் காட்டி, இதில் டாக்டரிடம் சொல்ல வேண்டியது எது என்று கேட்டேன். ஒரு சீன மாணவி மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டு, "எங்க ஆ-மாவும் இப்படித்தான், காற்றுன்னுதான் சொல்லுவாங்க" என்றாள். அடுத்த வாரம் அவளே தன் பாட்டியைப் பதிவு செய்து கொண்டுவந்தாள். காசு செலவில்லாமல் கிடைத்த நல்ல பாடப் பொருள் இதுதான்.

ஆகஸ்ட் 1, சிங்கப்பூர்த் தாதியர் தினத்தன்று, ஓய்வு பெற்ற ஒரு பெரிய சிஸ்டரை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பார்த்தேன். 1885இல் அதே தேதியில்தான் சிப்பாய் லைன்ஸ் பொது மருத்துவமனையில் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் தாதி வேலையை ஆரம்பித்தார்கள் என்பதால் அந்த நாள். அவர் படித்தது மருத்துவமனை விடுதியில் தங்கி, வார்டிலேயே. "படிப்பு 1992ல நன்யாங் பாலிடெக்னிக்குக்குப் போச்சு, 2006ல டிகிரி வந்துச்சு, கைவேலை போச்சு" என்பது அவர் கட்சி. பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேட்ரனுக்குப் பயந்து மூன்று மாதம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்று அடுத்த தோசையைப் பிய்த்துக்கொண்டே அவரே சொன்னார். அப்போதும் எத்தனை 18 எழுதப்பட்டதோ.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர் யாராவது என்னைக் கேட்டால், சேருவதற்கு முன்பே இரண்டைக் கேட்டு வாங்கச் சொல்வேன்: முதல் மாதம் வேறொருவர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார அனுமதி, உங்கள் வகுப்பில் வந்து உட்கார ஒரு ஆள். ஸ்லைடு சந்தாவும் ரப்பர் கையும் வேண்டாம். அந்தக் கை இரண்டாம் வாரமே ஒழுக ஆரம்பித்துவிட்டது, இப்போது எங்கள் வீட்டு பாம் ஷெல்டரில் (குண்டு விழுந்தால் ஒளிய வீட்டுக்குள் கட்டிய அறை) அரிசி மூட்டைக்கு மேல் கிடக்கிறது. அரிசி எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் கணவர் ஒரு தடவை திடுக்கிடுகிறார். யாருக்காவது வேண்டுமென்றால் ஈசூனுக்கு வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் கசியும்.